சூடேறாத பாத்திரம்

சகாயமேரி குவைத்திலிருந்து வந்து இறங்கிய அன்று, தொப்பூர் கணவாய் அடிவாரத்தில் இருந்த சவுரியப்பனின் சாப்பாட்டுக் கடையில் யாருக்கும் ஒழுங்காகப் பரிமாறவில்லை. டாக்சியின் தலைமேலிருந்து இறக்கிய பெரிய அட்டைப் பெட்டியைச் சுற்றித்தான் எல்லோரும் நின்றார்கள். சவுரியப்பன் அவளுடைய தம்பி. அக்கா வரும் தேதி தெரிந்ததுமே, கடைக்குப் பின்னால் இருந்த வீட்டுக் கூரைமேல் கம்பம் நட்டு ஆன்டெனாவையும் கட்டி வைத்துவிட்டான். அது எண்பத்தாறாம் வருஷம். வளைகுடாவுக்குப் போய் வந்தவர்கள் வீட்டில் டிவி இல்லையென்றால், போய் என்ன கிழித்தார்கள் என்று ஊர் கேட்கும் காலம்.

அட்டையைப் பிரித்ததும் கறுப்புக் கண்ணாடி தெரிந்தது. பக்கத்தில் இரண்டு குமிழ்.

"கலரா, பிளாக் அண்ட் ஒயிட்டாக்கா?" என்றான் சவுரியப்பன்.

"டிவி இல்லடா. அடுப்பு."

அக்கா விளையாடுகிறாள் என்று நினைத்து அவன் சிரித்தான். அவள் கதவைத் திறந்து உள்ளே இருந்த கண்ணாடித் தட்டைக் காட்டிய பிறகுதான் சிரிப்பு நின்றது. தீ எங்கே எரியும் என்று கேட்டான். தீயே இல்லை என்றாள். புகை? புகையும் இல்லை. அப்புறம் எப்படி வேகும்? கரண்டில் வேகும் என்றாள். அதற்கு மேல் அவளுக்கும் சொல்லத் தெரியவில்லை.

அதை ஏன் தூக்கிக்கொண்டு போகிறாள் என்று குவைத்தில் பக்கத்து வீடுகளில் வேலை பார்த்த பெண்களும் கேட்டிருந்தார்கள். சகாயமேரி அரூர்ப் பக்கத்து விவசாயக் குடும்பத்துப் பெண். கட்டிக்கொடுத்த கொஞ்ச வருஷத்திலேயே புருஷன் யாகப்பன் மஞ்சள் காமாலையில் போய்விட்டான். பிள்ளை இல்லை. கான்வென்ட்டில் இருந்த ஒரு சிஸ்டர் மூலமாக குவைத்தில் ஒரு டீச்சரம்மா வீட்டில் வேலை கிடைத்தது. ஆறேழு வருஷம் அந்தச் சமையலறையிலேயே கழிந்தது. அந்த மேடம் வேறு வீட்டுக்கு மாறும்போது புது அடுப்பு வாங்கிக்கொண்டு, பழையதை இவளிடம் கொடுத்துவிட்டாள். ஊரில் தம்பி பொண்டாட்டி தெரசா விறகுப் புகையில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நிற்பது சகாயமேரியின் ஞாபகத்துக்கு வந்தது. அவளுக்கு இதைக் கொடுத்தால் சந்தோஷப்படுவாள் என்று தோன்றியது. டிவியைப் பற்றி நினைக்கவே இல்லை.

அடுப்பின் பிளக் இங்கத்திய ஓட்டையில் நுழையவில்லை. சவுரியப்பன் ஒயர்மேனைக் கூட்டி வந்து பிளக்கை மாற்றி, மோட்டாருக்குப் போடுகிற மாதிரி கனமான ஒயர் இழுத்தான். எல்லாம் தயாரானதும் தெரசா எவர்சில்வர் சொம்பில் பாலை ஊற்றிக்கொண்டு வந்தாள்.

"எவர்சில்வர் வெக்கக் கூடாது!" என்று சகாயமேரி கத்திவிட்டாள்.

தெரசா சொம்போடு அப்படியே நின்றாள். "வெச்சா என்னாகும் அண்ணி?"

"வெச்சா... ஆகாது."

"ஆகாதுன்னா? வெடிக்குமா?"

வெடிக்குமா என்று சகாயமேரிக்குத் தெரியாது. அந்த வீட்டில் எவர்சில்வரே அதன் பக்கம் போனதில்லை. எந்தப் பாத்திரத்தில் வைப்பது என்று மேடம் எடுத்துக் கொடுப்பாள். இவள் உள்ளே வைப்பாள், குமிழைத் திருப்புவாள், மணி அடித்ததும் எடுப்பாள். இத்தனை வருஷம் அந்த அடுப்பு தனக்கு அத்துப்படி என்று நினைத்திருந்தாள். மேடம் எடுத்துக் கொடுக்காவிட்டால் தனக்கு ஒன்றுமே தெரியாது என்பது இப்போது தம்பி பொண்டாட்டி முன்னால் நிற்கும்போதுதான் உறைத்தது.

"பீங்கான் வெக்கலாம்," என்றாள். அது நிச்சயம். மேடம் பீங்கான் கொடுத்ததுண்டு.

தெரசாவிடம் ஒரே ஒரு நல்ல பீங்கான் தட்டு இருந்தது. கல்யாணத்துக்குப் பங்குக் கோயில் பெண்கள் சேர்ந்து வாங்கிக் கொடுத்தது. விளிம்பைச் சுற்றித் தங்கக் கோடு ஓடும். விருந்தாளிக்குக்கூட அதை எடுக்கமாட்டாள். அன்றைக்கு எடுத்து, பழைய சோறும் குழம்பும் வைத்துக் கொடுத்தாள். சகாயமேரி கதவைச் சாத்திக் குமிழைத் திருப்பினாள். தட்டு சுற்றத் தொடங்கியது. சோறு சுற்றுவதைப் பார்க்க எல்லோரும் கண்ணாடியில் முகத்தை வைத்தார்கள்.

படபடவென்று உள்ளே பொரிந்தது. தட்டின் விளிம்பில் நீலமும் வெள்ளையுமாகப் பொறி ஓடியது. தெரசா சிலுவை போட்டுக்கொண்டு பின்னால் போனாள். சவுரியப்பன் ஓடிப்போய் பிளக்கைப் பிடுங்கினான். தட்டை வெளியே எடுத்தபோது தங்கக் கோடு அங்கங்கே கருகிப் போயிருந்தது.

"பீங்கான் ஆகும்னு நீங்கதானுங்களே சொன்னீங்க?" என்றாள் தெரசா. கோபமாகக் கேட்கவில்லை. அதுதான் சகாயமேரிக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. தெரசா தட்டைக் கழுவித் துடைத்து, கருகின பக்கம் சுவரைப் பார்க்கும்படி அலமாரியில் வைத்தாள்.

மறுநாள் காலையில் சகாயமேரி எழுந்து வரும்போது, சவுரியப்பன் அடுப்பின் முன்னால் குந்தியிருந்தான். உள்ளே எவர்சில்வர் டம்ளரில் பால் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் ஓடிப்போய் நிறுத்துவதற்குள் மணி அடித்துவிட்டது.

"பாத்தியாக்கா? ஒண்ணும் ஆகல," என்று டம்ளரை எடுத்து நீட்டினான். பால் மேலே மட்டும் லேசாக வெதுவெதுப்பாக இருந்தது. அடியில் பச்சைத்தண்ணி.

கூடாது என்றது சும்மா இருந்துவிட்டது. கூடும் என்றது வெடித்தது. சகாயமேரி அன்று முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருந்தாள். இரண்டில் எதை நம்புவது? மேடம் சொன்னது பொய்யா? மேடம் அப்படிச் சொன்னாளா, இல்லை தானே அப்படி எடுத்துக்கொண்டோமா? நினைக்க நினைக்க, எவர்சில்வர் வேண்டாம் என்று மேடம் வாயால் சொல்லிக் கேட்ட ஞாபகம்கூடச் சரியாக வரவில்லை. எதற்கும் எவர்சில்வரை உள்ளே வைக்கவேண்டாம் என்று மட்டும் தம்பியிடம் சத்தியம் வாங்கிக்கொண்டாள்.

அதற்குள் சவுரியப்பன் வேறு கணக்குப் போட்டிருந்தான். சேலத்துக்கும் பெங்களூருக்கும் போகிற கார்க்காரர்கள் நேரம் கெட்ட நேரத்தில் வந்து, ஆறின சோற்றைப் பார்த்து முகம் சுளித்துவிட்டுப் போவது அவனுக்கு ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டிருந்தது. ஒரு ஆளுக்காக அடுப்பை மூட்ட முடியாது. இந்தப் பெட்டியில் ஒரு தட்டை வைத்து எடுத்துக் கொடுத்தால் போயிற்று. பெட்டியைக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தான். 'குவைத் அடுப்பில் சுடச்சுடச் சாப்பாடு' என்று பலகையும் எழுதி மாட்டிவிட்டான்.

"எதுல வெச்சுக் குடுக்கறதுன்னே தெரியலயேடா," என்றாள் சகாயமேரி.

"நீ குவைத்துல இருந்தவ. உனக்குத் தெரியாதா?"

கடைக்கு வருகிறவர்களும் அப்படித்தான் நினைத்தார்கள். 'குவைத்தம்மா' என்றே கூப்பிட ஆரம்பித்தார்கள். கேட்காமலே யோசனையும் சொன்னார்கள். அந்தப் பெட்டி முன்னால் நின்றால் கண் போய்விடும் என்றார் ஒருத்தர். கண்ணெல்லாம் போகாது, சாப்பாட்டில்தான் சத்து போய்விடும் என்றார் இன்னொருத்தர். பெங்களூர்க்காரர் ஒருவர் தன் மச்சான் வீட்டில் பிளாஸ்டிக்கில்தான் வைக்கிறார்கள் என்று அடித்துச் சொன்னார். அவள் தெரசாவின் ரோஸ் கலர் டிபன் டப்பாவில் தண்ணீர் வைத்துப் பார்த்தாள். தண்ணீர் கொதித்தது. டப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. நிம்மதியாக மூச்சுவிட்டாள். அடுத்த நாள் அதே டப்பாவில் எண்ணெய் மிதக்கும் கறிக்குழம்பை வைத்தாள். டப்பாவின் ஒரு பக்கம் தொங்கிப்போய் குழம்பு வழிந்தது. நேற்றுத் தாங்கினது இன்றைக்கு ஏன் தாங்கவில்லை? அடுப்பு அதேதான், டப்பா அதேதான்.

கண்ணாடி டம்ளரில் டீயைச் சூடாக்கினாள். நன்றாகவே சூடானது. எடுத்து ஈரமாக இருந்த கடப்பைக்கல்மேல் வைத்தாள். டக்கென்று அடி கழன்று டீ ஓடியது. கண்ணாடியும் ஆகாதா, இல்லை கல்தான் ஆகாதா? யாரைக் கேட்பது? அடுப்போடு வந்திருந்த சின்னப் புத்தகம் அரபியிலும் இங்கிலீஷிலும் இருந்தது. கார்க்காரர் ஒருவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னாள். அவர் புரட்டிப் பார்த்துவிட்டு, "தகுந்த பாத்திரம் உபயோகிக்கவும்னு போட்டிருக்கு," என்று திருப்பிக் கொடுத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போயிருந்தாள். பூசை முடிந்து வெளியே வந்தபோது, யாரோ புதிதாக வாங்கிய மோட்டார் சைக்கிளைப் பங்குக் கோயில் சாமியார் மந்திரித்துக்கொண்டிருந்தார். தீர்த்தம் தெளித்து, வண்டியைக் கையால் தொட்டு ஆசீர்வதித்தார். அதைப் பார்த்துக்கொண்டு நின்ற சகாயமேரிக்கு சட்டென்று ஒன்று ஞாபகம் வந்தது.

மேடமும் அப்படி ஒன்று செய்வாள். புதுப் பாத்திரம் எது வாங்கினாலும் அதைக் காலியாகவே அடுப்புக்குள் வைப்பாள். பக்கத்தில் ஒரு கண்ணாடி டம்ளரில் தண்ணீர் வைப்பாள். கொஞ்ச நேரம் ஓடவிட்டு, திறந்து பாத்திரத்தைத் தொட்டுப் பார்ப்பாள், தண்ணீரைத் தொட்டுப் பார்ப்பாள். சிலசமயம் "தய்யிப்", நல்லது, என்று அரபியில் சொல்லி எடுத்து அடுக்குவாள். சிலசமயம் உதட்டைப் பிதுக்கி ஓரமாக வைத்துவிடுவாள். அது அவர்கள் மார்க்கத்தில் புதுச் சாமானுக்குச் செய்கிற ஏதோ சடங்கு என்று நினைத்து, சகாயமேரி மரியாதைக்குத் தள்ளி நின்றுகொள்வாள். சடங்கு இல்லை அது. பாத்திரத்தைச் சோதித்துப் பார்த்திருக்கிறாள்!

வீட்டுக்கு நடந்து வரும் வழியெல்லாம் அவளுக்குச் சிரிப்பும் வெட்கமுமாக இருந்தது. வாசலுக்கு வந்ததும் இரண்டும் போய்விட்டன. மேடம் "தய்யிப்" என்று சொன்னபோது பாத்திரம் சூடாக இருந்ததா, ஆறியிருந்ததா? தள்ளியே நின்றதால் ஒரு தடவைகூட அவள் தொட்டுப் பார்த்ததில்லை.

யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தாள். அலுமினியச் சட்டி சீக்கிரம் சூடாகும், அதில் சீக்கிரம் வேகும். அடி கனத்த பாத்திரம் சூடாக நேரமாகும், ஆனால் சூடு நிற்கும். எதுவானாலும் பாத்திரம் சூடானால்தானே உள்ளே இருப்பது சூடாகும்? பிறந்ததிலிருந்து பார்த்தது அதுதான். ஆகவே எது நன்றாகச் சூடேறுகிறதோ அதுதான் நல்ல பாத்திரம்.

தர்மபுரி டவுனில் மஸ்தான் பாயின் பாத்திரக் கடைக்குப் போனாள். சவுரியப்பன் கடைக்கு அண்டாவிலிருந்து கரண்டிவரை அங்கேதான் வாங்குவார்கள். மஸ்தான் பருத்த மனிதர். பொருளை விற்பதைவிட அதைப் பற்றிப் பேசுவதில் அவருக்கு ஆசை அதிகம். உலோகம் எதுவும் வேண்டாம், ஆனால் நன்றாகச் சூடேறுகிற பாத்திரமாக வேண்டும் என்று அவரிடம் கேட்டாள்.

"எவர்சில்வர் வேணாம், அலுமினியம் வேணாம், பித்தளை வேணாம்னா நான் எதைத்தாம்மா குடுக்கறது?" என்று சிரித்தார். பிறகு பரணிலிருந்து வகைக்கு ஒன்றாக இறக்கினார். வெறும் வெள்ளைப் பீங்கான் தட்டு ஒன்று, கனமான கண்ணாடிக் கிண்ணம் ஒன்று. கடைசியாக வழுவழுவென்று மின்னும் ஒரு தட்டைத் தரையில் தொப்பென்று போட்டுக் காட்டினார். அது உடையவில்லை. "மெலமைன். உடையாத பீங்கான்னு வெச்சுக்கோ. ஓட்டல்காரங்க எல்லாம் இப்ப இதைத்தான் கேக்கறாங்க. எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிப் பாரு. ஆகாததைத் திருப்பிக் குடு."

சகாயமேரி வீட்டுக்கு வந்து ஒவ்வொன்றாக வைத்தாள். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர். வெள்ளைப் பீங்கான் ஜில்லென்று இருந்தது. ச்சை, இது மண்டு என்று தள்ளி வைத்தாள். கண்ணாடிக் கிண்ணம் கொஞ்சம்கூடச் சூடாகவில்லை. அதையும் தள்ளினாள். மெலமைன் தட்டைத் தொட்டதும் விரலை உதறிக்கொண்டாள். தோசைக்கல் மாதிரி சூடு.

"தெரசா! இதுதான்!" என்று கூப்பிட்டாள். வந்த நாளிலிருந்து அவள் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பை தெரசா பார்த்ததில்லை.

மெலமைன் தட்டாக ஒரு அடுக்கு வாங்கி வந்தார்கள்.

முதலில் மாட்டியவன் மாதேஸ்வரன். சிமெண்ட் லாரி ஓட்டுபவன், கடைக்குப் பழைய வாடிக்கை. மதியம் எல்லாம் முடிந்தபிறகு வந்து, பலகையைப் பார்த்துவிட்டு, "எனக்கும் அந்தக் குவைத் அடுப்புச் சாப்பாடே குடுங்கக்கா," என்றான். சகாயமேரி தட்டில் சோறு, குழம்பு, இரண்டு கறித் துண்டு வைத்து உள்ளே தள்ளினாள். மணி அடித்தது. துணியால் பிடித்து எடுத்துவந்து அவன் முன்னால் வைத்தாள். லேசாக ஒரு வாடை வந்தது. அவன் தட்டைத் தன் பக்கம் இழுக்க விளிம்பைப் பிடித்தான்.

"அய்யோ!"

தட்டை அவன் உதறிய வேகத்தில் அது பெஞ்சின்மேல் விழுந்து படக்கென்று விரிசல் விட்டது. நடுவிலிருந்து விளிம்புவரை ஒரு பிளவு. தரையில் போட்டே உடையாத தட்டு. மாதேஸ்வரன் விரலைத் தண்ணீர் டம்ளருக்குள் விட்டுக்கொண்டான். தெரசா எண்ணெய் எடுக்க ஓடினாள்.

வலி கொஞ்சம் அடங்கியதும் மாதேஸ்வரன் இன்னொரு கையால் சோற்றைத் தொட்டுப் பார்த்தான். "என்னாக்கா இது? தட்டு வெந்துபோயிருக்குது. சோறு அப்படியே சில்லுன்னு இருக்குது!"

பக்கத்தில் இருந்த ஒன்றிரண்டு பேர் சிரித்தார்கள். சவுரியப்பன் மன்னிப்புக் கேட்டு, வேறு தட்டில் ரசம் ஊற்றிக் கொடுத்து அனுப்பினான். பிறகு வெளியே போய்ப் பலகையைக் கழற்றி உள்ளே கொண்டுவந்து, சுவரோரம் சாத்தி வைத்தான். அக்காவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலையாக இருந்திருக்கும்.

சகாயமேரி பின்கட்டில் போய் உட்கார்ந்தாள். மாதேஸ்வரன் விரலில் எழும்பிய கொப்புளம் கண்ணிலேயே நின்றது. திரும்பவும் குவைத்துக்கே போய்விடலாமா என்று நினைத்தாள். அங்கே யாரும் அவளை எதையும் தேர்ந்தெடுக்கச் சொல்லமாட்டார்கள். கொடுத்ததை வைத்து எடுத்தால் போதும். அழுகை வந்தது. ஆனால் அழுகைக்கு நடுவிலும் மாதேஸ்வரன் சொன்னது காதில் கேட்டுக்கொண்டே இருந்தது. தட்டு வெந்திருக்கிறது, சோறு சில்லென்று இருக்கிறது. அப்படியென்றால் சூட்டையெல்லாம் தட்டே வாங்கிக்கொண்டுவிட்டது. சோற்றுக்கு எதுவும் போய்ச் சேரவில்லை. சோறு சூடாக வேண்டுமானால்...

எழுந்துபோய், 'மண்டு' என்று தள்ளிவைத்த வெள்ளைப் பீங்கான் தட்டை எடுத்தாள். அதே சோறு, அதே குழம்பு. வைத்துத் திருப்பினாள். பொறி பறக்கவில்லை, வாடையும் வரவில்லை. மணி அடித்ததும் திறந்தாள். சோற்றிலிருந்து ஆவி எழும்பியது. விளிம்பை விரல் நுனியால் பயந்து பயந்து தொட்டாள். வெறும் கையால் பிடிக்கிற பதத்தில் இருந்தது. நடுவில் குழம்பு பட்ட இடம் மட்டும் சோற்றின் சூட்டில் சுட்டது.

"தெரசா, இங்க வா. தொட்டுப் பாரு."

தெரசா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "நீங்களே தொடுங்க அண்ணி. எனக்கு வேணாம்."

மறுநாள் மஸ்தான் பாய் கடைக்குப் போய் நின்றாள்.

"பாய், சூடே ஏறாத பாத்திரமா வேணுமுங்க."

மஸ்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "அடுப்புல வெக்கறதுக்கா?"

"ஆமாங்க."

"அடுப்புல வெச்சா சூடேறக் கூடாது?"

"ஆமாங்க. சோறு மட்டும்தான் சூடாவணும். பாத்திரம் சும்மா இருக்கணும்."

"போன வாரம் நல்லாச் சூடேறணும்னு சொன்னியேம்மா?"

"அது தப்பா சொல்லிட்டேனுங்க."

மஸ்தான் கல்லாவில் சாய்ந்துகொண்டார். "நாப்பது வருஷமா யாவாரம் பண்றேன். சூடேறாத பாத்திரம் குடுன்னு கேட்டு வந்த முதல் ஆளு நீதாம்மா," என்றார். பிறகு பரணிலிருந்து, தூசி படிந்து யாரும் கேட்காமல் கிடந்த வெறும் வெள்ளைப் பீங்கான் தட்டுகளை இறக்கிக் கொடுத்தார். தங்கக் கோடோ வெள்ளிக் கோடோ இல்லாத தட்டாகப் பார்த்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து அவள் எடுத்தாள். கனமான கண்ணாடிக் கிண்ணங்களும் சில வாங்கினாள். ஒவ்வொன்றையும் வீட்டில் தண்ணீர் டம்ளரோடு வைத்துத் தொட்டுப் பார்த்த பிறகே கடைக்குக் கொண்டுபோனாள். சூடான கிண்ணத்தை ஈரக்கல்லில் வைக்காமல், மடித்த துணிமேல்தான் வைத்தாள். பிளாஸ்டிக்கைப் பக்கத்திலேயே விடவில்லை.

விரல் ஆறியபிறகு மாதேஸ்வரன் திரும்ப வந்தபோது, முதலில் தட்டைப் பார்த்தான். பிறகு சகாயமேரியைப் பார்த்தான். அவள் தானே தட்டை வெறும் கையால் பிடித்துக் காட்டி அவன் முன்னால் வைத்தாள். அவன் பயந்துகொண்டே ஒரு வாய் எடுத்து வைத்தான், உடனே உஸ்ஸென்று வாயைத் திறந்து ஊதினான்.

"சோறு சுடுதுக்கா!"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். சவுரியப்பன் பலகையைத் தூசி தட்டி மறுபடி வெளியே மாட்டினான்.

கடை அப்படியே ஓடியது. வோல்டேஜ் குறைந்தால் பெட்டி முக்கிக்கொண்டே ஓடும், சோறு சூடாகாது. அப்போது விறகடுப்பை மூட்டிக்கொள்வார்கள். மழைக்காலத்தில் பாதிநாள் கரண்டே இருக்காது. சவுரியப்பன் அடுத்த வருஷம் டிவி வாங்கிக்கொண்டான். தெரசா கடைசிவரை அந்தப் பெட்டியைத் தொடவில்லை. ஆனால் புகையில் நிற்பது குறைந்தது என்று அவள் வாயாலேயே யாரிடமோ சொன்னதை சகாயமேரி கேட்டாள். குவைத்துக்கு ஆள் எடுக்கிற ஏஜென்ட் ஒருமுறை வந்து, மறுபடி போகிறாயா என்று கேட்டபோது, பார்க்கலாம் என்றாள். பிறகு அதைப்பற்றிப் பேசவில்லை.

அந்தச் சமயத்தில்தான் தர்மபுரியிலிருந்து அஸ்கரி பேகம் ஆள் அனுப்பினாள். பெரிய மண்டி வைத்திருந்த குடும்பம். துபாயில் இருந்த மகன் இதே மாதிரி ஒரு அடுப்பு கொண்டுவந்து வைத்துவிட்டுத் திரும்பப் போய்விட்டான். எதை வைப்பது, எதை வைக்கக் கூடாது என்று வீட்டில் ஒருத்தருக்கும் தெரியவில்லை. மஸ்தான்தான் சகாயமேரியைப் பற்றிச் சொல்லியிருந்தார்.

அஸ்கரி பேகம் வீட்டுச் சமையலறை மேடை முழுக்க பீங்கானும் கண்ணாடியுமாகப் பரப்பி வைத்திருந்தார்கள். சகாயமேரி ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டாள். ஒவ்வொன்றாக வைத்து, தொட்டு, பிரித்தாள். வெள்ளிப் பூ வேலை செய்ததையெல்லாம் அடுப்பில் வைக்காமலே எடுத்துவிட்டாள். அஸ்கரி பேகம் ஒவ்வொன்றுக்கும் ஏன் ஏன் என்று கேட்டாள். சகாயமேரி தெரிந்ததைச் சொன்னாள், தெரியாததைத் தெரியாது என்றாள்.

கடைசியாக இரண்டு வெள்ளைக் கப்புகள் மிஞ்சின. ஒரே செட்டில் வாங்கியவை. ஒரே அச்சு, ஒரே நிறம். முதலாவதை வைத்துப் பார்த்தாள். ஜில்லென்று இருந்தது, நல்லது. இரண்டாவதை வைத்தாள். எடுக்கப் போனபோது கை சுட்டது.

"ரெண்டும் ஒண்ணுதானே?" என்றாள் அஸ்கரி பேகம்.

"ஒண்ணுதானுங்க."

திரும்ப வைத்தார்கள். முதலாவது ஆறியே இருந்தது. இரண்டாவது சுட்டது. இரண்டு பெண்களும் கப்புகளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்கள். சூடான கப்பின் அடியில் முடியிழை மாதிரி ஒரு கீறல் ஓடியது. அதன் வழியாகக் கழுவின தண்ணீர் உள்ளே இறங்கி நிற்குமோ, அந்தத் தண்ணீர்தான் கப்பைச் சூடாக்குகிறதோ என்று சகாயமேரிக்குத் தோன்றியது. நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. கீறல் வழியாக அவ்வளவு தண்ணீரா போகும்?

"இப்ப இதை வெக்கலாமா வேணாமா?" என்று அஸ்கரி பேகம் கேட்டாள்.

"இது வேணாமுங்க. அது இருக்கட்டும்."

"ஏன்?"

"கை சுடுதுங்களே. அதுக்கு மேல எனக்குத் தெரியலீங்க."

அஸ்கரி பேகம் சிரித்துவிட்டாள். ஆறியிருந்த கப்பில் டீயை ஊற்றி அடுப்பில் சூடாக்கி, அதை சகாயமேரிக்குக் கொடுத்தாள். தனக்கு எவர்சில்வர் டம்ளரில், கேஸ் அடுப்பில் கொதித்த டீயை ஊற்றிக்கொண்டாள். இருவரும் சமையலறையிலேயே உட்கார்ந்து குடித்தார்கள்.

சாயங்கால பஸ்ஸில் தொப்பூர் திரும்பும்போது சகாயமேரி கீறல் விழுந்த கப்பைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தாள். கீறலா, தண்ணீரா, இல்லை களிமண்ணே வேறா? கடைக்கு வந்து சேர்ந்ததும் தெரசா கையைத் துடைத்துக்கொண்டு வந்து, என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

"ஒரு கப்பு மட்டும் புரியவே இல்ல தெரசா," என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றி வைத்து, அன்றைக்கு வந்திருந்த கார்க்காரருக்குத் தட்டு எடுக்கப் போனாள்.